ஐந்து சென்ட் கடை

(பொதுக்கூட்டமொன்றில் பேசியதன் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு கடையைப் பற்றியதாகும். கடவுளைப் பற்றியும் சாஸ்திரத்தைப் பற்றியும் ஏதாவது காரசாரமாகக் கேட்கலாமென்று வந்திருக்கும் தோழர்களுக்கு, சீப்பும் ஊசியும் கிலுகிலுப்பையும் விற்ற கடையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவதா என்று தோன்றலாம். ஆனால் ஒரு தேசத்து ஜனங்களின் யோக்கியதையை அந்த நாட்டுக் கோயிலில் போய்த் தெரிந்துகொள்ளுவதைவிட, கடைத்தெருவில் போய்த் தெரிந்துகொள்ளுவது சுலபம் என்பது நமது அபிப்பிராயம். கோயிலில் மனிதன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். கடையிலோ கண்ணைத் திறந்துகொண்டு மடியை அவிழ்க்கிறான். யார் யாரை எப்படி நடத்துகிறார்கள் என்பது மடி அவிழ்க்கும் இடத்தில்தான் நன்றாய் வெளியாகும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே, சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியில், சிறிய பட்டணம் பெரிய பட்டணம் என்கிற வித்தியாசமில்லாமல் பெரிய தெருவுக்கு ஒன்றாவது "ஐந்து - பத்து சென்ட் கடை" என்று இருந்தது. சென்ட் என்பது ஒரு டாலரில் நூறில் ஒரு பங்கு. ஐந்து சென்ட் நாணயத்துக்கு அந்நாட்டில் நிக்கல் என்றும், பத்து சென்ட் நாணயத்துக்கு டைம் என்றும் பெயர். அக்கடையில் எந்தச் சாமானை எடுத்தாலும் ஒன்று ஐந்து சென்ட், இல்லாவிட்டால் பத்து சென்ட். அதற்கு மேல் விலையே கிடையாது.

இக்கடைகள் வருவதற்கு முன்னால் அந்நாட்டுக் கடைகள் எப்படி இருந்தன என்று கேட்டால், நம் கிராமத்து மளிகைக் கடையை நினைத்துக்கொண்டால் போதும். சாமான்களெல்லாம் கடைக்காரனுக்குப் பின்னால் அலமாரியிலும், இழுப்பறையிலும், பீப்பாயிலும் இருக்கும். நடுவே ஒரு நீண்ட மேசை. வாங்க வருகிறவன் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று, இன்னது வேண்டுமென்று வாயால் கேட்கவேண்டும். கடைக்காரன் இவன் முகத்தையும், உடுப்பையும், பழைய பாக்கியையும் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துப் போடுவான். விலை சாமானில் எழுதியிருக்காது. எழுதியிருந்தாலும் கடைக்காரனுக்கு மாத்திரம் புரியக்கூடிய இரகசிய எழுத்தாக இருக்கும். பேரம் பேசத் தெரிந்தவனுக்கு ஒரு விலை, தெரியாதவனுக்கு ஒரு விலை. அதாவது மந்திரம் புரோகிதனுக்கு மாத்திரம் தெரிவதுபோல், விலை கடைக்காரனுக்கு மாத்திரம் தெரியும். மற்றவன் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதான்.

ஒரே விலை என்பதை ஐந்து சென்ட் கடைக்காரர்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. நியூயார்க்கில் ஸ்டீவர்ட் என்பவரும், பிலடெல்பியாவில் வானமேக்கர் என்பவரும் தங்களுடைய பெரிய ஜவுளிக் கடைகளில் அதை முன்னமே நடத்திக் காட்டினார்கள். ஆனால் அவை வசதியுள்ளவர்கள் போகும் கடைகள். கிழிந்த சட்டையோடு உள்ளே போகிற ஏழைக் குடியானவனுக்கு, யாரையும் ஒரு வார்த்தை கேளாமலே விலை இன்னது என்று தெரியும்படி செய்தது ஐந்து சென்ட் கடைதான்.

அதை ஆரம்பித்தவர் பிராங்க் வுல்வொர்த் என்பவர். 1852ம் வருஷம் நியூயார்க் மாகாணத்தின் வடபாகத்தில் ஒரு சாதாரண விவசாயிக்குப் பிறந்தவர். 1873ல் வாட்டர்டவுன் என்ற ஊரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் மூன்று மாதம் சம்பளம் கிடையாது. பேசி விற்கும் சாமர்த்தியம் அவருக்கு அறவே இல்லை. வாடிக்கைக்காரரைக் கண்டால் வாய் அடைத்துப் போகும். அதனால் முதலாளி அவரை ஜன்னலில் சாமான்களை அழகாக அடுக்கி வைக்கும் வேலையில் விட்டார். வாய் இல்லாதவருக்கு, சாமானே தன்னைத்தான் விற்றுக்கொள்ள வேண்டும் என்கிற யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை என்று நமக்குத் தோன்றுகிறது.

1878ல் அந்தக் கடையில், விற்காமல் தேங்கிக் கிடந்த சில்லறைச் சாமான்களோடு புதிதாகக் கொஞ்சம் வாங்கிச் சேர்த்து, ஒரு மேசைமேல் பரப்பி, "இதிலுள்ளது எதுவானாலும் ஐந்து சென்ட்" என்று ஒரு அட்டை எழுதி வைத்தார்கள். ஜனங்கள் மேசையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். மறு வருஷம் வுல்வொர்த், தம் முதலாளியிடமே சுமார் 300 டாலர் பெறுமான சரக்கைக் கடனாக வாங்கிக்கொண்டு, பிப்ரவரி 22ந் தேதி யூட்டிகா என்ற ஊரில் தனிக்கடை வைத்தார். சில மாதங்களுக்குள் அதை மூடவேண்டியதாயிற்று. பிறகு ஜூன் மாதம் 21ந் தேதி பென்சில்வேனியா மாகாணத்து லங்காஸ்டர் பட்டணத்தில் திறந்தார். முதல் நாள் விற்றுமுதல் 127 டாலர் 65 சென்ட். அதாவது சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறு ஐந்து சென்ட் சாமான்கள் ஒரே நாளில் விற்றிருக்க வேண்டும். அங்கிருந்துதான் காரியம் வேகமாகப் போயிற்று. சீக்கிரத்திலேயே பத்து சென்ட் சாமானும் சேர்ந்தது. தம்பி, ஒன்றுவிட்ட சகோதரர், பழைய முதலாளி ஆகியவர்களும் இதேமாதிரி கடைகளைத் திறந்தார்கள். 1912ல் இவர்கள் எல்லாரும் ஒரே கம்பெனியாகச் சேர்ந்தபோது கடைகள் சுமார் 600.

இனி அந்தக் கடைக்குள்ளே சிறிது போய்ப் பார்ப்போம்.

தெருவிலிருந்து பார்த்தால் நல்ல சிவப்புப் பலகையில் பொன் எழுத்தில் பெயர் இருக்கும். படிக்கத் தெரியாதவனும் சிவப்பைக் கண்டு அடையாளம் தெரிந்துகொள்ளுவான். முகப்புக் கண்ணாடி ஜன்னலில் சாமான்களை மலைபோல் குவித்திருப்பார்கள். கதவைத் தள்ளி உள்ளே போனால் எண்ணெய் பூசிய மரத்தரை. தலைக்கு மேலே பூவேலை அழுத்திய தகரக் கூரை. அதிலிருந்து தொங்கும் விளக்குகள். இரு பக்கமும் நடுவிலுமாக இடுப்பளவு உயரத்தில் நீண்ட மேசைகள். மேசையின் மேல்தட்டைச் சின்னச் சின்னக் கண்ணாடித் தடுப்புகளால் அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஒரு அறையில் பொத்தான், ஒன்றில் ஊக்கு, ஒன்றில் நாடா, ஒன்றில் சீப்பு, ஒன்றில் பென்சில், ஒன்றில் தகரக் குவளை. ஒவ்வொன்றின் மேலும் விலை எழுதிய அட்டை நிமிர்ந்து நிற்கும். நடுவிலுள்ள மேசைகளைச் சதுரமாக வளைத்துப் போட்டு, அந்த வளையத்துக்குள்ளே விற்கும் பெண்பிள்ளை நிற்பாள்.

இதில் விசேஷம் என்னவென்றால், அலமாரி கடைக்காரனுக்குப் பின்னாலிருந்து வாங்குகிறவனுக்கு முன்னால் வந்துவிட்டது என்பதுதான். யாரும் எதையும் எடுத்துப் பார்க்கலாம், திருப்பிப் பார்க்கலாம், மறுபடியும் வைத்துவிட்டுப் போகலாம். ஒன்றும் வாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே போனாலும் ஏனென்று கேட்பவர் கிடையாது. கையில் ஒரு நிக்கலை வைத்துக்கொண்டு வரும் சிறு பிள்ளைக்கு, அந்த நாட்டில் வேறு எந்தக் கடையிலும் கிடைக்காத மரியாதை அங்கே கிடைத்தது. வாசலுக்குப் பக்கத்திலேயே மிட்டாய் மேசை. அதைத் தாண்டி உள்ளே போகாத குழந்தை கிடையாது. அதைத் தாண்டியே போகாத குழந்தைகளும் உண்டு! சில கடைகளில் பாட்டுப் புத்தகம் விற்கும் மேசைக்குப் பக்கத்தில் பியானோ வைத்து, ஒரு பெண் அதை வாசித்துக் காட்டிக்கொண்டிருப்பாள். பின்பக்கத்தில் தொட்டியில் பொன்மீனும், கூண்டில் சின்னக் கிளியும் விற்ற கடைகளும் உண்டு. வறுத்த கடலையும், சோளப்பொரியும், காப்பியும், சோப்பும் கலந்து ஒரு வாசனை. அந்தக் காலத்து மனிதர்கள் கிழவர்களான பின்பும் அவ்வாசனையை மறக்கவில்லை.

சமத்துவம் என்று எழுதி ஒட்டாமலே, ஒரு சமத்துவம் அந்த மேசையின்மேல் இருந்தது. பாதிரியாரானாலும் சரி, பாரவண்டிக்காரனானாலும் சரி, ஒரு டஜன் ஊக்குக்கு விலை ஒன்றுதான். பேரம் பேசுகிறவனுடைய சாமர்த்தியத்துக்கும், பெரிய மனிதனுடைய தாட்சண்யத்துக்கும் அங்கே வேலை இல்லை.

நிற்க, இவ்வளவு மலிவாக எப்படி விற்றார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். இதில்தான் நாம் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். தரகர்களை ஒழித்துவிட்டு, தொழிற்சாலையிலேயே மொத்தமாக ரொக்கத்துக்கு வாங்கினார்கள் என்பது ஒரு காரணம். அது நல்ல காரணந்தான். மற்றொரு காரணம், சாமான் செய்தவனுக்கும் விற்றவளுக்கும் கொடுத்த கூலி. வுல்வொர்த் 1890ல் ஐரோப்பாவுக்குப் போய், ஜெர்மனியில் லவ்ஷா, சோனபெர்க் பக்கத்து மலைக்கிராமங்களில் கண்ணாடி உருண்டைகளும் பொம்மைகளும் ஏராளமாக வாங்கினார். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பளபளப்பான உருண்டைகள் அவருக்குப் பெரும் லாபம் தந்தவை. அவைகளைச் செய்தவர்கள் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து, புருஷன் ஊதவும், மனைவி வெள்ளி பூசவும், பிள்ளைகள் சாயம் பூசவுமாக இராப்பகலாய் உழைத்த ஏழைகள். அமெரிக்கப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்த பொம்மையைச் செய்த பிள்ளைகளுக்குப் பொம்மையை வைத்து விளையாட நேரமில்லை. கிறிஸ்துவின் பிறந்தநாள் கொண்டாட்டம் எந்தக் குழந்தைகளின் தலையில் விடிந்தது, பார்த்தீர்களா?

விற்ற பெண்களின் சங்கதி இன்னும் தெளிவானது. மலிவான ஆள் இல்லாமல் மலிவான சாமான் விற்க முடியாது என்கிற கருத்தை வுல்வொர்த்தே 1892ல் தம்முடைய மேனேஜர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். சாமான் தானாகவே விற்றுக்கொள்ளுகிறபோது, பேசத் தெரிந்த கைதேர்ந்த ஆள் எதற்கு? காகிதத்தில் சுற்றிக் கொடுத்துக் காசு வாங்கத் தெரிந்தால் போதும். ஆகவே வீட்டில் இருக்கும் இளம்பெண்களைக் குறைந்த சம்பளத்துக்குப் பிடித்து, அந்த மேசை வளையத்துக்குள் காலை முதல் இரவு வரை நிற்க வைத்தார்கள். வாங்குகிறவனுக்குச் சுதந்திரம் கொடுத்த அதே மேசை, விற்பவளுக்குப் பட்டியாக இருந்தது.

இந்தக் காசு எங்கே போயிற்று என்றால், 1913ல் நியூயார்க்கில் 792 அடி உயரத்துக்கு ஒரு கட்டடமாக எழும்பிற்று. செலவு ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் டாலர். கடன் வாங்காமல் ரொக்கமாகவே கொடுத்தார். 1930 வரையில் உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். ஒரு பாதிரியார் அதைப் பார்த்துவிட்டு, "வர்த்தகத்தின் தேவாலயம்" என்று பெயர் கொடுத்தார். அது பொருத்தமான பெயர் என்றே நாமும் சொல்லுவோம். ஏனென்றால் அதன் உள்மண்டபத்தில் தேவாலயங்களைப் போலவே சிற்பங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, வுல்வொர்த் தாமே குந்தியிருந்து நிக்கலும் டைமும் எண்ணுகிறமாதிரி செதுக்கியது. எந்தக் கோயிலிலும் காசு எண்ணுகிறார்கள். ஆனால் எண்ணுகிறவரின் சிலையையே வைத்த நாணயம் இங்கே மாத்திரம்தான் உண்டு.

அவர் 1919ல் இறந்தார். பேத்தி ஒருத்தி, பார்பரா ஹட்டன் என்பவர், 1933ல் இருபத்தொரு வயதானதும் பல கோடி டாலருக்குச் சொந்தக்காரியானார். அதே சமயத்தில் நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம். 1937ம் வருஷம் பிப்ரவரி 27ந் தேதி, டிட்ராயிட் பட்டணத்து வுல்வொர்த் கடையில் சுமார் 100 பெண்கள், வாடிக்கைக்காரர்கள் நிறைந்திருந்த நேரத்தில், வேலையை நிறுத்திவிட்டு வெளியே போகாமல் கடைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். இரவு மேசைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டார்கள். சமைத்துச் சாப்பிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு ஒரு வாரம் கடையை விட்டு நகரவில்லை. கம்பெனி இறங்கி வந்தது. கிடைத்த கூலி உயர்வு மணிக்கு எவ்வளவு தெரியுமா? ஐந்து சென்ட்! அவர்கள் வருஷக் கணக்காக விற்றுவந்த சாமானின் விலைதான். ஆனாலும் சங்கம் வைக்கும் உரிமையும் கிடைத்தபடியால் அந்த ஐந்து சென்டை நாம் அற்பமாக எண்ணுவதற்கில்லை.

வுல்வொர்த்தைப் போலவே கிரெஸ்கி, கிரெஸ், மக்ரோரி, மர்பி என்று பல கம்பெனிகள் இருந்தன. எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. இவற்றில் கிரெஸ் என்பவர் கட்டட அழகில் ஆசைப்பட்டு, மஞ்சள் செங்கல்லிலும் சுடுமண் ஓட்டிலும் பட்டணத்துக்குப் பட்டணம் அழகான கடைகளைக் கட்டினார். இத்தாலி தேசத்து மாதா படங்களை ஏராளமாக வாங்கிச் சேர்த்து அரசாங்கக் காட்சிசாலைக்கும் கொடுத்தார். அதைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை.

இனி முக்கியமான கட்டத்துக்கு வருவோம். சாமான் வாங்க வருகிறவர்கள் பசித்தால் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்களே என்று, கடைக்குள்ளேயே ஒரு பக்கமாகச் சிற்றுண்டி மேடை வைத்தார்கள். நீண்ட மேடை, எதிரே சுவரில் கண்ணாடி, மேடையின் முன்னால் தரையோடு பிணைத்த, சுழலக்கூடிய ஸ்டூல்கள் வரிசையாக இருக்கும். காப்பி, ரொட்டி, பழப்பணியாரம், சூடான சாப்பாடு எல்லாம் மலிவு. நாளடைவில் கடையின் வருமானத்தில் இது பெரிய பங்காயிற்று.

தென் மாகாணங்களில் கறுப்பு மக்கள் இந்தக் கடைக்குள் வரலாம். எல்லா மேசையிலும் எதை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அவர்களுடைய நிக்கலும் வெள்ளைக்காரனுடைய நிக்கலும் கல்லாவில் ஒன்றாய்க் கலக்கும். விலையும் ஒன்றே. ஆனால் அந்த ஸ்டூலில் மாத்திரம் அவர்கள் உட்காரக்கூடாது. பல கடைகளில் ஒரு ஓரத்தில் நின்றுகொண்டு வாங்கிச் சாப்பிடலாம், அல்லது பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போகலாம். உட்காருவதுதான் குற்றம். ஆக, தீட்டு காசில் இல்லை, சாமானில் இல்லை, நிற்கும் காலிலும் இல்லை. உட்காரும் இடத்தில் இருக்கிறதென்று கண்டுபிடித்திருந்தார்கள்! நமது ரயில்வே சிற்றுண்டிச் சாலைகளில் 1941 வரையில் இருந்துவந்த தனி இடத்தையும், டீக்கடைகளின் இரட்டைக் குவளையையும் அறிந்த தோழர்களுக்கு இந்தச் சாஸ்திரத்தை நாம் விளக்கத் தேவையில்லை.

வட கரோலினாவில் ஹாரி கோல்டன் என்கிற பத்திரிகை ஆசிரியர் 1956ல் இதைக் கேலி செய்து ஒரு யோசனை எழுதினார். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து நிற்பதை யாரும் ஆட்சேபிக்கவில்லை. கடையில் ஒரே வரிசையில் நிற்கிறார்கள், பாங்கியில் ஒரே ஜன்னலில் நிற்கிறார்கள். உட்காரும்போதுதான் சண்டை வருகிறது. ஆதலால் பள்ளிக்கூடத்திலுள்ள ஆசனங்களையெல்லாம் எடுத்துவிட்டால், நின்றுகொண்டே படிப்பார்கள், தகராறு தீர்ந்துபோகும் என்பது அவருடைய யோசனை. சிரிப்பதற்காக எழுதியதுதான். ஆனால் நான்கு வருஷம் கழித்து உட்காருவதற்காகவே பையன்கள் வந்தார்கள்.

அதற்கு முன்னும் சும்மா இருந்துவிடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். வடக்கே சிக்காகோவில் 1930ல், கறுப்பு மக்கள் வாழும் பகுதியில் அவர்களுடைய காசை வாங்கிக்கொண்டு அவர்களுக்கு விற்பனை வேலை கொடுக்காத வுல்வொர்த் கடைகளின் முன் மறியல் நடந்தது. அப்பகுதியில் நடந்துவந்த "விப்" என்ற பத்திரிகை அதை முன்னின்று நடத்திற்று. கம்பெனி இணங்கிக் கறுப்புப் பெண்களை வேலைக்கு எடுத்தது.

1960ம் வருஷம் பிப்ரவரி 1ந் தேதி திங்கட்கிழமை, வட கரோலினாவில் கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் கறுப்பு மாணவர்கள் நால்வர் வுல்வொர்த் கடைக்குப் போனார்கள். பிளேர், மக்கெய்ன், மக்னீல், ரிச்மண்ட் என்பது அவர்கள் பெயர். எல்லாரும் காலேஜில் முதல் வருஷம் படித்தவர்கள். முதலில் பல் விளக்கும் பசை முதலிய சில்லறைச் சாமான்களை வாங்கிக்கொண்டு, காசு கொடுத்ததற்கு ரசீதும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு சிற்றுண்டி மேடைக்குப் போய் ஸ்டூலில் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். இங்கே உங்களுக்குக் கொடுப்பதில்லை என்று பதில் வந்தது. இப்பொழுதுதான் பக்கத்து மேசையில் எங்கள் காசை வாங்கிக்கொண்டு சாமான் கொடுத்தீர்கள், இதோ ரசீது, அந்த மேசைக்கும் இந்த மேடைக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள்.

தோழர்களே! இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஆயிரம் பிரசங்கத்தைவிட அந்த ரசீது பெரியது. கடை மூடும் வரையில் அவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். அன்று அங்கே இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி எழுந்து வந்தபோது, திட்டத்தான் வருகிறாளோ என்று எண்ணியதாகவும், அவளோ தோளைத் தொட்டு, இதை இன்னும் முன்னாலேயே செய்திருக்க வேண்டும் என்று சொன்னதாகவும் மக்கெய்ன் பிற்காலத்தில் பல தடவை கூறியிருக்கிறார். மறுநாள் இருபதுக்கு மேற்பட்டவர்கள் வந்தார்கள். அதற்கடுத்த நாள் அறுபதுக்கு மேல். நான்காம் நாள் முந்நூறு. அந்த வார முடிவில் ஆயிரம் பேர். சில மாதங்களுக்குள் தென் மாகாணங்களின் பல டஜன் பட்டணங்களில் இதே மாதிரி உட்கார ஆரம்பித்தார்கள். வடக்கேயுள்ள பட்டணங்களில் வெள்ளை மாணவர்களும் சேர்ந்து வுல்வொர்த் கடை வாசல்களில் மறியல் செய்தார்கள்.

கம்பெனி என்ன சமாதானம் சொல்லிற்று என்பதைத்தான் கவனிக்க வேண்டும். "நாங்கள் அந்தந்த ஊர்ப் பழக்க வழக்கத்தை அனுசரித்து நடக்கிறோம்" என்றது. இதைவிட வெட்கமற்ற பதில் இருக்க முடியுமா? பேரம் பேசுவது ஊர்ப் பழக்கமாக இருந்தது, அதை ஒழித்தார்கள். சாமானை மேசைக்குப் பின்னால் வைப்பது பழக்கமாக இருந்தது; அதை ஒழித்தார்கள். கடன் பழக்கத்தை ஒழித்தார்கள், தரகர் பழக்கத்தை ஒழித்தார்கள், ஊருக்கு ஊர் இருந்த சிறு கடைக்காரனையே ஒழித்தார்கள். லாபம் வருகிற இடத்தில் பழக்கமாவது வழக்கமாவது! மனிதனை மனிதனாக உட்கார வைக்கவேண்டும் என்று வருகிறபோது மாத்திரம் பழக்கவழக்கம் புனிதமாகிவிட்டது. நமது நாட்டிலும் "மாமூல்" என்கிற பூட்டை எந்தெந்தப் பெட்டிக்குப் போடுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் புனிதமான வழக்கம் எத்தனை நாள் தாங்கிற்று? ஆறு மாதம்கூட இல்லை. கிரீன்ஸ்பரோ கடைக்கு விற்பனையில் சுமார் 2 லட்சம் டாலர் நஷ்டம் வந்தவுடன், 1960ம் வருஷம் ஜூலை 25ந் தேதி வழக்கத்தை மடித்து வைத்துவிட்டார்கள். அன்று முதன்முதல் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள், அக்கடையிலேயே வேலை பார்த்துவந்த கறுப்பு ஊழியர்கள். எத்தனையோ வருஷமாக மேடைக்கு அந்தப் பக்கத்தில் உழைத்தவர்களுக்கு, இந்தப் பக்கத்தில் உட்கார அன்றுதான் முடிந்தது.

எல்லா ஊரிலும் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. தென் கரோலினாவில் ராக்ஹில் என்ற ஊரில், மக்ரோரி கடையின் மேடையில் 1961 ஜனவரி 31ந் தேதி உட்கார்ந்தவர்களில் ஒன்பது பேர், அபராதம் கட்டமாட்டோம் என்று சொல்லி, முப்பது நாள் கடின வேலைத் தண்டனையை ஏற்றுக்கொண்டார்கள். நம்மை அவமானப்படுத்துகிறவனுக்கு நாமே காசும் கொடுப்பதா என்பது அவர்கள் வாதம். அத்தண்டனை தப்பென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2015ல்! தண்டித்த நீதிபதியின் சகோதரர் மகனே, ஐம்பத்துநான்கு வருஷம் கழித்து அதே நீதி ஸ்தானத்தில் இருந்து அதை ரத்து செய்தார். மிசிசிப்பி மாகாணத்து ஜாக்சன் பட்டணத்தில் 1963 மே 28ந் தேதி வுல்வொர்த் மேடையில் உட்கார்ந்த கறுப்பரையும் வெள்ளையரையும், ஒரு கும்பல் அடித்து உதைத்து, அவர்கள் தலையில் தக்காளிக் குழம்பையும் கடுகுச் சாந்தையும் சர்க்கரையையும் கொட்டிற்று. அந்தப் படம் இன்றும் இருக்கிறது. கொட்டிய சாமானெல்லாம் அந்த மேடையிலேயே சாப்பாட்டுக்கு வைத்திருந்தவைதான். கொட்டியவர்களில் சிரிக்காத முகம் அதிகமில்லை. 1964ம் வருஷம் ஜூலை 2ந் தேதி கையெழுத்தான சட்டத்தினால்தான், இம்மாதிரிப் பொது இடங்களில் நிறம் பார்ப்பது நாடு முழுவதும் குற்றமாயிற்று.

கடைகளின் பிற்காலச் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1930களிலேயே முதலில் இருபது சென்ட் என்றும், 1935ல் வரம்பே இல்லை என்றும் வுல்வொர்த் கம்பெனி மாற்றிக்கொண்டது. பெயர் மாத்திரம் ஜனங்கள் வாயில் பழையபடியே நின்றது. 1950க்குப் பின் நடு வளையத்திலிருந்த பெண்களை எடுத்துவிட்டு, வாசலில் மாத்திரம் காசு வாங்குகிறவரை வைத்தார்கள். ஜனங்கள் மோட்டார் வைத்துக்கொண்டு பட்டணத்துக்கு வெளியே குடிபோனார்கள், கடைத்தெரு காலியாயிற்று. 1962ல் கிரெஸ்கி கம்பெனியாரே கேமார்ட் என்ற பெரிய மலிவுக் கடையை ஆரம்பித்தார்கள். அதே வருஷத்தில் ஆர்கன்சா மாகாணத்தில் சாம் வால்ட்டன் என்பவர் வால்மார்ட்டை ஆரம்பித்தார். அவரும் அதற்கு முன் ஐந்து - பத்து சென்ட் கடை நடத்தியவர்தான். 1997ம் வருஷம் வுல்வொர்த் கம்பெனி அமெரிக்காவில் மிச்சமிருந்த நானூறுக்கு மேற்பட்ட கடைகளையும் மூடிவிட்டது. நியூயார்க் பங்கு மார்க்கெட்டின் பெரிய கம்பெனிகள் ஜாபிதாவிலிருந்து அதன் பெயரை எடுத்த நாளில், புதிதாகச் சேர்ந்த பெயர்களில் வால்மார்ட்டும் ஒன்று. மிஞ்சிய கம்பெனி இப்பொழுது புட்லாக்கர் என்கிற பெயரில் பாதரட்சை விற்கிறது. "எதை எடுத்தாலும் ஒரு டாலர்" என்று அந்நாட்டில் பிற்காலத்தில் வந்த டாலர் ட்ரீ கடைகளை ஆரம்பித்தவர்களும் ஒரு பழைய ஐந்து - பத்து சென்ட் கடையை நடத்தி வந்தவர்கள்தான். 2021ல் அவர்களும் ஒரு டாலரை ஒன்றேகால் டாலராக்கிவிட்டார்கள்.

கிரீன்ஸ்பரோ கடை 1993ல் மூடப்பட்டது. அதை இடித்து மோட்டார் நிறுத்தும் இடமாக ஆகிவிடாமல் ஊரார் காப்பாற்றி, 2010ம் வருஷம் பிப்ரவரி 1ந் தேதி, அதாவது அந்த நால்வர் உட்கார்ந்து சரியாக ஐம்பது வருஷமான நாளில், ஒரு காட்சிசாலையாகத் திறந்தார்கள். மேடையின் ஒரு துண்டையும் நான்கு ஸ்டூல்களையும் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். அவற்றில் இப்பொழுது யாரும் உட்காரக்கூடாது. வெள்ளையரும் கூடாது, கறுப்பரும் கூடாது.

நேரமாகிவிட்டது. கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்கள் இருப்பார்கள். இதுவரை சொன்னவற்றில் சந்தேகமிருப்பவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்பினால் சமாதானம் சொல்லுகிறோம்.